பூட்டன் பெயர்: கடனா, பட்டயமா?

1948 நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இந்தத் தீவிலேயே பிறந்த ஒருவரிடம் அவருடைய தந்தை எங்கே பிறந்தார் என்று கேட்டது. தந்தையும் இங்கேதான் பிறந்தார் என்று காட்ட முடியாவிட்டால், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டவேண்டும். இதே மூவரை நம் பிதிர்க்கடன் சடங்கும் கேட்கிறது. அமாவாசையில் எள்ளும் நீரும் இறைக்கிறவர் பெயர் சொல்லி அழைப்பது தந்தை, பாட்டன், பூட்டன் என்ற மூன்று தலைமுறையைத்தான். கச்சேரியில் கேட்கப்பட்ட கேள்வியும் ஆற்றங்கரையில் கேட்கப்படும் கேள்வியும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றின் நோக்கம் வேறு. கச்சேரி அந்தப் பெயர்களை வைத்து உயிரோடிருப்பவருக்கு என்ன உரிமை உண்டு என்று முடிவுசெய்கிறது. சடங்கு அதே பெயர்களை வைத்து உயிரோடிருப்பவர் என்ன கொடுக்கவேண்டும் என்று நினைவூட்டுகிறது. வம்சத்தைத் தேடுவது சரியா, அதனால் ஆன்மிகப் பயன் உண்டா என்று கேட்பவர்கள் முதலில் இந்த வேறுபாட்டைத் தெளிந்துகொள்ள வேண்டும். மூதாதையர் நமக்குக் கடன் வைத்துப் போனவர்கள். பட்டயம் எழுதித் தந்தவர்கள் அல்லர். கடனாகத் தேடினால் அது அறம். பட்டயமாகத் தேடினால் அது நம் சமயங்கள் சொல்லும் அறத்துக்கே எதிராகத் திரும்பும். இதற்குக் கண்டியின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1739இல் கண்டி மன்னன் வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் இறந்தபோது அவனுக்குச் சிங்களப் பெண் ஒருத்தி வழியே ஒரு மகன் இருந்தான். ஆனாலும் முடி அவனுக்குக் கிடைக்கவில்லை. பட்டத்தரசியின் சகோதரன், மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குடும்பத்தவன், ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறினான். சத்திரிய இரத்தம் உள்ளவனே அரசாள வேண்டும் என்ற கொள்கை, மண்ணில் பிறந்தவனை ஒதுக்கிக் கடல் கடந்து வந்தவனைத் தேர்ந்தது. அந்த மரபில் நால்வர் 1815 வரை ஆண்டார்கள். அந்த ஆண்டு மார்ச் 2ஆம் திகதி கையெழுத்தான கண்டி ஒப்பந்தம் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை முடிநீக்கியதோடு நிற்கவில்லை. அவனுக்கு முன்வழியிலோ பின்வழியிலோ பக்கவழியிலோ உறவான ஆண்கள் எவரும் கண்டிச் சீமைக்குள் நுழையக்கூடாது என்றது. வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆண்கள் திரும்பி வந்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை என்றது. ஆங்கிலேயர் அன்று தமிழரையும் தென்னிந்தியரையும் சுட்டியது அந்தப் பெயரால்தான். மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். எந்தப் பிறப்பு எழுபத்தாறு ஆண்டுகள் முடிசூட்டியதோ அதே பிறப்பு பிறகு குற்றமாயிற்று. பிறப்பில் எதுவும் மாறவில்லை. அதைப் பட்டயமாகப் படித்த கைகள்தாம் மாறின. தன் தகுதியை வம்சத்தில் வைத்திருக்கிறவன் அதைத் தன் கையில் வைத்திருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த மண்ணுக்கு உரியவர், வந்தவர் என்ற பிரிவும் கண்டியைச் சுற்றியுள்ள கல்லில் நிலைக்கவில்லை. கடலாதெனிய விகாரை 1344இல் எழுந்தது. அதைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்ற தென்னிந்தியர். அருகிலுள்ள லங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் இருக்கிறது. கம்பளை அரசில் அதிகாரம் செலுத்திய அழகக்கோனார் குடும்பம் தன் மூலம் வஞ்சி என்று சொல்லிக்கொண்டது. வரலாற்றாய்வாளர் ஜேம்ஸ் இரத்தினம் 1957இல் பண்டாரநாயக்கா குடும்பத்தின் மூதாதை நீலப்பெருமாள் என்ற தென்னிந்தியர் என்று எழுதினார். ஏழு ஆண்டுகள் கழித்து, அதே குடும்பத்து மருமகள் பிரதமராக இருந்து, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இவற்றை ஒருவரையொருவர் குத்திக்காட்டும் துருப்புகளாக அடுக்கத் தேவையில்லை. கணக்கு மட்டும் போதும். ஒவ்வொரு தலைமுறை பின்னோக்கிப் போகும்போதும் முன்னோரின் இடங்கள் இரட்டிக்கின்றன. கடலாதெனிய கட்டப்பட்ட காலத்துக்கு, ஏறக்குறைய இருபத்திரண்டு தலைமுறை பின்னே போனால், ஒருவருக்கு இருக்கவேண்டிய முன்னோர் இடங்கள் சுமார் 42 இலட்சம். 1871இல் எடுத்த முதல் நவீன குடிக்கணக்கில் தீவின் மொத்தச் சனத்தொகையே சுமார் 24 இலட்சம். ஆகவே இன்று கண்டியில் வாழும் எவருடைய வம்சமும் மற்றவருடையதோடு பின்னிக் கலந்தே கிடக்கிறது. 42 இலட்சத்தில் ஒரு கோட்டை மட்டும் பிடித்து இதுதான் நான் என்பது கண்டறிதல் ஆகாது. அது ஒரு தேர்வு. எதைத் தேர்கிறோம், ஏன் தேர்கிறோம் என்பதற்கு நாமே பொறுப்பு.

சமய நிறுவனங்களும் இந்தப் பொறியில் விழுந்தன என்பதைக் கண்டி மறைப்பதில்லை. பௌத்த துறவு மரபு அறுந்துபோயிருந்த நிலையில், நாயக்க மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனும் வெலிவிட்ட சரணங்கர தேரரும் சியாமிலிருந்து உபாலி தேரரை அழைத்து 1753இல் உபசம்பதா என்ற உயர் துறவுத் தீட்சையை மீட்டார்கள். மன்னனோ நெற்றியில் நீறணிந்த சைவன். 1760இல் அவனைக் கொல்லத் தீட்டிய சதியில் அவன் வளர்த்த சங்கத்தின் மூத்தோர் சிலரும் சம்பந்தப்பட்டார்கள். நீறும் பிறப்பும் அந்த வெறுப்புக்கு எரிபொருளாயின. அதே அரசின் காலத்தில்தான் உபசம்பதா கொவிகம குலத்தாருக்கு மட்டும் என்ற எல்லையும் வகுக்கப்பட்டது. ஒருவன் பிறப்பால் பிராமணனோ இழிந்தவனோ ஆவதில்லை, செயலாலேயே ஆகிறான் என்று வசல சுத்தத்தில் போதித்த புத்தரின் பெயராலேயே பிறப்புச் சான்று கேட்கப்பட்டது. அதை ஏற்காத கரையோரத்துப் பிக்குகள் பர்மாவுக்குப் போய்த் துறவு பெற்று வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமரபுர நிக்காயத்தை அமைத்தார்கள். சைவமும் இதில் தப்பவில்லை. அறுபத்து மூவரில் வேடரும் வண்ணாரும் குயவரும் இருக்கப் பாடிய மரபே, கோயில் வாசலில் குலம் கேட்டு நிறுத்தியது. இங்கு காணவேண்டியது சமயங்களின் பொய்ம்மையைவிட, வம்சம் பட்டயமாகும்போது எவ்வளவு உயர்ந்த போதனையையும் அது உள்ளிருந்தே அரித்துவிடும் என்ற உண்மையைத்தான்.

இந்தப் பட்டயத்தின் முழுப் பாரமும் விழுந்தது தோட்டத் தொழிலாளர் மேல். 1820களில் கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி நட்டதிலிருந்து, திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் வட்டாரங்களிலிருந்து மக்கள் கங்காணிகளின் பின்னால் வந்தார்கள். பாம்பனில் தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்கு நடந்தார்கள். தமிழகத்துக் கிராமங்களில் அவர்கள் கண்டிச் சீமைக்குப் போனவர்கள். அந்த வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டவர் தொகை 1840களில் மட்டும் எழுபதாயிரம் என்று அக்காலப் பத்திரிகைக் கணக்கு ஒன்று சொல்லிற்று. எண்ணிக்கை பற்றி ஆய்வாளர் இன்றும் வாதிடுகிறார்கள். எப்படியிருந்தாலும் அந்தச் சாவுகளில் பெரும்பாலானவை எந்த ஏட்டிலும் ஏறவில்லை. கோப்பியை 1869இல் தொடங்கிய இலைநோய் அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்பே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார். தேயிலை குடும்பங்களை நிரந்தரமாக இருத்தியது. பெயர்கள் தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஏறின. துரையின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டன. தகப்பன் பெயரே முன்னெழுத்தாகும் வழக்கத்தால், மூன்றாம் தலைமுறையில் பூட்டனின் பெயர் கடதாசியிலிருந்து தானாகவே மறைந்துவிடும். பிறப்புப் பதிவு கட்டாயமானதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். அப்படிப்பட்டவர்களிடம்தான் 1948இல் பாட்டன், பூட்டன் பிறப்புச் சான்று கேட்கப்பட்டது. மறு ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் ஏறக்குறைய 8,25,000 பேர் விண்ணப்பிக்க, குடியுரிமை கிடைத்தவர் சுமார் 1,34,000 பேர்தான். மற்றவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவர் ஆனார்கள். முன்பு சொன்ன 1964 ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பங்கிட்டது. 1980களின் பிற்பகுதியிலும் 2003இலும் வந்த சட்டங்களே எஞ்சியவர்களின் நாடற்ற நிலையை முடித்தன.

இப்போது சடங்கின் பக்கம் பார்ப்போம். பூட்டன் பெயர் தெரியாதவரைச் சடங்கு ஆற்றங்கரையிலிருந்து விரட்டுகிறதா? இல்லை. கோத்திரம் அறியாதவர் காசியப கோத்திரம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறது. தாயையும் பாட்டியையும் பூட்டியையும், தாய்வழிப் பாட்டன்மாரையும் நீர் இறைத்து அழைக்கிறது. தந்தைவழியை மட்டும் எண்ணிய சட்டம் மறந்த பாதியைச் சடங்கு மறக்கவில்லை. கடைசியில், தாயும் தந்தையும் சுற்றமும் இல்லாமல் போனவர்க்கும் ஒரு கை நீர் விடச் சொல்கிறது. மந்திரம் தெரியாத லயத்து வீடுகளிலும், பெயர் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் சேர்த்தே படையல் வைக்கப்படுகிறது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் தனியடியாரை மட்டும் பாடி நிறுத்தவில்லை. தொகையடியார் என்று ஒன்பது கூட்டத்தாரையும் சேர்த்தார். அவர்களுள் தமிழகத்துக்கும் தம் காலத்துக்கும் அப்பாற்பட்ட, பெயர் தெரியாத அடியாரும் அடக்கம். பௌத்தத்திலும் இதற்கு இணை உண்டு. திரோகுட்ட சுத்தத்தில், இறந்த உறவினர் சுவருக்கு வெளியேயும் நாற்சந்தியிலும் நின்று பங்குக்குக் காத்திருக்கிறார்கள். உரைகளின்படி பிம்பிசார மன்னன் புண்ணியம் பகிர்ந்தது, பல கற்பங்களுக்கு முன் தனக்கு உறவாயிருந்து, அவன் முகமும் பெயரும் அறியாதவர்களுக்கு. இரு மரபும் ஒன்றையே சொல்கின்றன: பெயர் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் கடமை தள்ளுபடியாவதில்லை. பட்டயத்துக்குச் சான்று இல்லையென்றால் எதுவும் இல்லை. கடனுக்குச் சான்று இல்லாவிட்டாலும் கடன் நிற்கும். நன்றியுள்ளவன் கொடுத்தவனின் கையெழுத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

இதற்கு முதல் மறுப்பு தத்துவத்திலிருந்து வரும். உயிர் பிறவிதோறும் உடல் மாற்றுகிறது என்று சைவம் நம்பினால், நான் என்பதே இல்லை என்று பௌத்தம் சொன்னால், இந்த உடலின் வம்சக்கொடியை மட்டும் துரத்துவதில் என்ன பொருள்? போன பிறவியில் இந்த உயிர் எந்த நாட்டில், எந்தக் குலத்தில் இருந்ததோ? மறுப்பு வலுவானதுதான். ஆனால் அது வீழ்த்துவது பட்டயத்தையே. வினைப்பயனாலேயே இந்த உடல் கிடைத்ததென்றால், அதை வைத்து இன்னொருவரைத் தள்ளிவைக்க எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. கடன் அதனால் குறைவதில்லை, பெருகுகிறது. உயிர் எதுவாயிருந்தாலும், அதைத் தாங்கும் இந்த உடலும், பேசும் மொழியும், உண்ணும் சோறும், குறிப்பிட்ட சில மனிதரின் உழைப்பால் வந்தவை. மன்னார்க் காட்டைக் கடந்த ஒருத்தி வழியில் விழுந்திருந்தால் இந்த உடல் இல்லை. வள்ளுவர் இல்வாழ்வான் ஓம்பவேண்டியவர்களில் முதலில் தென்புலத்தாரை வைத்தபோது, அவர்களுடைய மறுபிறவிக் கணக்கைக் கேட்கச் சொல்லவில்லை. பெற்றதை ஒப்புக்கொள்ளத்தான் சொன்னார்.

இரண்டாவது மறுப்பு அரசியலிலிருந்து வரும். தோட்ட மக்கள் வாழும் மலையகத்தில் அதற்கு நியாயமான அச்சம் பின்னணியாக இருக்கிறது. துறையூர், முசிறி, நாமக்கல் என்று பூட்டன் ஊரைத் தேடிப் பதிவு செய்தால், ‘கள்ளத்தோணி’ என்றும் ‘திரும்பிப் போ’ என்றும் சொன்னவர்களுக்கு நாமே ஆதாரம் எடுத்துக் கொடுப்பதாகாதா? கண்டியிலுள்ள இந்திய அரசின் அலுவலகம் 1920களிலிருந்து இந்த மக்களின் விவகாரங்களைப் பார்த்துவந்தது. அங்கே இந்தியப் பயணப் பத்திரம் பெற்றவர் பலர் கப்பலேறவும் நேர்ந்தது. இந்த அச்சத்தை எள்ளி நகையாட முடியாது. ஆனால் மறைத்துவைப்பது அந்த வசைக்கு மறுமொழியாகாது. வந்தவர் என்பதே இழுக்கு என்ற எதிரியின் முதற்படியை, மறைப்பவர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறார். மகாவம்சமே விசயனின் வருகையோடும், அவனுக்கு மதுரையிலிருந்து வந்த அரசியோடும்தான் தீவின் அரசைத் தொடங்குகிறது. இந்தத் தீவின் மூலக்கதைகள் பல வருகையையே சொல்கின்றன. 2023இல், தோட்ட மக்கள் வந்த இருநூறு ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். வந்த வழியை வெளிச்சத்தில் நடந்து காட்டியவர்கள் இந்த மண்ணில் தம் இடத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. அந்த வழியில் என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை நாட்டுக்குச் சொன்னார்கள்.

மூன்றாவது மறுப்பு எல்லாவற்றிலும் கூர்மையானது. தமிழகத்துக் கிராமத்தில் பூட்டனைத் தேடிப் போனால் அங்கே முதலில் கிடைப்பது சாதி. தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட குலத்தவர். பண்ணையடிமையாக இருந்தவரும் உண்டு. கடல் கடந்து வந்ததே சிலருக்கு அந்த ஏட்டிலிருந்து விடுதலை. மறதிதான் அவர்கள் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற செல்வம் என்றால் அதை ஏன் கலைக்கவேண்டும்? லயத்திலும் சாதி கூடவே வந்தது என்பதையும், பெரிய கங்காணி யார், குடிமைத் தொழில் செய்பவர் யார் என்ற பிரிவு அங்கும் நீடித்தது என்பதையும் முதலில் நினைவுகூர வேண்டும்; பேசாமல் விட்டதால் மட்டும் சாதி சாகவில்லை. அதைவிட முக்கியமான விடை வேறு. வம்சத்தைப் பட்டயமாக எண்ணுகிறவருக்குப் பண்ணையாளாக இருந்த பூட்டன் ஒரு குறை; அவர் அவனை மறைத்து, ஒரு பாளையக்காரனையோ புலவனையோ கண்டுபிடிக்கப் பார்ப்பார். கடனாக எண்ணுகிறவருக்கு மட்டுமே அந்தப் பூட்டனை நிமிர்ந்து வணங்க முடியும். அவன் பட்ட துன்பம் பெரிதென்றால் இவர் செலுத்தவேண்டிய நன்றியும் பெரிது. குலப்பெருமைக்காகத் தேடுகிறவர் தேடலின் பாதியிலேயே பொய் சொல்ல நேரும். கடனுக்காகத் தேடுகிறவருக்குக் கண்டது எதுவும் அவமானமாகாது.

அப்படியானால் உரிமைப் போராட்டமே தவறா, வீட்டுக்கும் காணிக்கும் மலையக மக்கள் இருநூறு ஆண்டு வரலாற்றை ஏன் எடுத்துக்காட்டுகிறார்கள் என்று கேட்கலாம். அந்தக் கோரிக்கை இரத்தத்தின்மேல் நிற்கவில்லை. காடு வெட்டிய கையின் மேலும், கொழுந்து பறித்த விரலின் மேலும், பிறந்து இறந்து புதைந்த வாழ்வின் மேலும் நிற்கிறது. உழைப்பாலும் வாழ்வாலும் வரும் உரிமைக்குப் பூட்டனின் பிறப்புச் சான்று வேண்டியதில்லை. தோட்டத்து ஏடு தீயில் எரிந்துபோன குடும்பத்துக்கும், முழுக் கொடியையும் எழுதிவைத்திருக்கும் குடும்பத்துக்கும் அந்த உரிமை ஒரே அளவுதான். வம்ச ஆவணம் உள்ளவருக்கு மட்டும் நீதி என்றால், அது 1948இன் சட்டத்தைத் தமிழர் கையில் எடுத்துக்கொண்டதாகவே முடியும். இன்று வம்சத் தேடல் எளிதாகிவருவதால் இந்த எச்சரிக்கை இன்னும் தேவை. இறந்தவர்க்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்று நம்பும் மோர்மன் திருச்சபை, 1894இலேயே வம்சாவளிச் சங்கம் அமைத்து உலகெங்கும் பதிவேடுகளைப் படமெடுத்துச் சேர்த்தது. அவர்களுக்கு மீட்புக்கே பெயர் வேண்டும். அவர்களின் உழைப்பு பாராட்டத்தக்கது. ஆனால் செக்ரோலில் தவறாக எழுதப்பட்டவர்க்கும், காட்டு வழியில் எழுதப்படாமலே மாண்டவர்க்கும், பெயர் கேட்காமல் நீர் வார்க்கும் நம் மரபே பொருந்துகிறது.

குடும்பத்தில் மூத்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது, செக்ரோலையும் பிறப்புச் சான்றையும் பழைய பயண அனுமதிப் பத்திரத்தையும் காப்பது, இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் உறவோடு பெயர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது, எல்லாம் செய்யத்தக்கவை. சங்கிலி அறும் இடத்தில் கற்பனையால் ஒட்டாமல், இதற்கு மேல் தெரியாது என்று எழுதி நிறுத்துவதும் அதே கடனின் பகுதி; பொய்யான பெயருக்கு வார்த்த நீர் யாருக்கும் சேராது. தேடி முடித்த பிறகு செய்யவேண்டியதுதான் உண்மையான சோதனை. வள்ளுவர் தென்புலத்தாரை வைத்த அதே வரிசையிலேயே விருந்தினரையும் வைத்தார். வந்தவரின் பேரன் என்று தன்னை அறிந்தவனுக்கு, இனி வருகிறவரிடமும், கடதாசி இல்லாதவரிடமும், பூட்டன் பெயர் சொல்லத் தெரியாதவரிடமும் நடந்துகொள்ளும் முறை மாறியிருக்கவேண்டும். மாறியிருந்தால் கடன் தீரத் தொடங்கியிருக்கிறது. மாறாவிட்டால், எத்தனை தலைமுறையை எழுதிவைத்திருந்தாலும், அவன் கையில் இருப்பது கச்சேரி கேட்ட அதே பட்டயம்தான்.